பல்பு எரிந்த அலமாரி

"கையை அலம்பிண்டு வா."

அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு. பெயரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் காட்டச் சொன்னார். பார்த்தார். வெளியே இருந்த குழாயைக் கண்ணால் காட்டினார்.

பம்பாய் வடாலாவில் ரயில்வே சரக்கு ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மரப் பட்டறையில் அவர் ஸ்டோர் கிளார்க். சீனாச் சண்டை முடிந்த மறு வருஷம் நான் அங்கே சேர்ந்தேன். கதவு, ஜன்னல், பள்ளிக்கூட பெஞ்சு, ஆபீஸ் மேஜை செய்கிற பட்டறை. நான் தாராவியிலிருந்து நடந்து வருவேன். அவர் மாட்டுங்காவிலிருந்து குடையோடு நடந்து வருவார். தமிழ் பேசுகிறவர்கள் பட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தத் தமிழும் வேறு வேறு தமிழ். அவர் வாயைத் திறந்தால் அவர் யார் என்று தெரிந்துவிடும். நான் திறந்தால் நான் யார் என்று தெரிந்துவிடும்.

ஸ்டோரில் ஆணி, திருகு, மணல் காகிதம், மரம் ஒட்டுகிற வஜ்ஜிரம் எல்லாம் இருந்தன. அவை அவருக்கு இரண்டாம்பட்சம். அவர் உயிர் ஓர் அலமாரியில் இருந்தது. மிச்சம் விழுந்த தேக்குத் துண்டுகளை வைத்து அவரே செய்வித்த அலமாரி. உள்ளே புறாக்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் கேட்லாக். ரம்பம், உளி, இழைப்புளி, துளைக்கிற மெஷின், கடைகிற மெஷின், அவற்றின் கத்தி, பல், பெல்ட் என்று மரவேலைக்கு உலகத்தில் என்னென்ன ஆயுதம் உண்டோ அத்தனைக்கும் படம் போட்ட புத்தகங்கள். இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம் எழுதுவார். கப்பல் தபாலில் மூன்று மாதம் கழித்துக் கேட்லாக் வரும். பழுப்புக் காகித அட்டை போட்டு, முதுகில் எண் எழுதி, அதற்குரிய அறையில் வைப்பார்.

கம்பெனிப் பெயர் வரிசையில் அடுக்க மாட்டார். அறுக்கிறது ஒரு வரிசை, இழைக்கிறது ஒரு வரிசை, துளைக்கிறது ஒரு வரிசை. ஏன் என்று கேட்டதற்கு, "கம்பெனி இன்னிக்கு இருக்கும், நாளைக்கு வித்துட்டுப் போயிடுவான். மரத்தை அறுக்கறது என்னிக்கும் அறுக்கறதுதானே?" என்றார்.

மழைக்காலத்தில் அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்று எரியும். பகலிலும் எரியும். பம்பாய் மழையில் காகிதம் பூசணம் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பல்புச் சூடு அதைத் தடுக்கும். பட்டறையில் நாங்கள் மழை இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரம்பம் தள்ளுவோம். கேட்லாக்குக்குத் தனி விளக்கு. ஃபோர்மேன் அவருக்கு வைத்த பெயரே 'அல்மாரி'. அவர் வந்தாரா என்பதை "அல்மாரி ஆயா க்யா?" என்றுதான் விசாரிப்பான். அது அவர் காதில் விழும். திரும்ப மாட்டார்.

கை கழுவுவது சும்மா நனைப்பது இல்லை. குழாயடியில் பார் சோப்பு வைத்திருப்பார். ஆணியில் துண்டு. கழுவித் துடைத்துவிட்டு வந்து கையை நீட்ட வேண்டும். நகத்தைப் பார்ப்பார். சில நாள் மோந்துகூடப் பார்ப்பார், மண்ணெண்ணெய் வாசம் இருக்கிறதா என்று. பிறகுதான் கேட்லாக்கை எடுத்து மேஜைமேல் வைப்பார். அங்கேயே நின்று பார்த்துவிட்டுக் கொடுத்துவிட வேண்டும். யார், எந்த எண், என்ன கிழமை, எத்தனை மணி என்று ரிஜிஸ்டரில் எழுதுவார். கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு முதல் வாரமே கொதித்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்ன சாமி, எங்க கை பட்டாத் தீட்டா?"

அவர் கோபப்படவில்லை. பழைய கேட்லாக் ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்தார். ரம்பத் தகட்டின் படம். பக்கத்தில் அளவுகள். ஓர் எண்ணின்மேல் கருப்பாகக் கட்டைவிரல் ரேகை.

"இது மூணா எட்டா?"

"தெரியல."

"எட்டுன்னு ஆர்டர் எழுதிட்டா. எட்டு மாசம் லைசென்ஸுக்கு அலைஞ்சு தகடு வந்தது. மெஷினுக்குள்ள போகலை. அதோ கிடக்கு பார்." மூலையில் ஒரு தகடு காகிதம் பிரிக்காமல் துருப்பிடித்துக் கிடந்தது. "சேட்டோட பிள்ளை வைச்ச ரேகை இது. அவனும் இப்போ அலம்பிண்டுதான் வரான்."

அது உண்மைதான். சேட்டின் மகன் குழாயடியில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவன் கழுவிவிட்டுப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவான். நாங்கள் கழுவிவிட்டு நின்றுகொண்டு பார்ப்போம். இந்த வித்தியாசத்தை அவரிடம் சொன்னேன். "அவன் முதலாளி" என்றார். அவ்வளவுதான் அவர் நியாயம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அளவை வாயால் சொல்ல மாட்டார். படித்துச் சொல்லுங்கள் என்றால், "நான் ஒண்ணு சொல்லி நீ ஒண்ணு கேட்டுண்டு போவே. நீயே பார்த்துக்கோ" என்பார். எழுதித் தரவும் மாட்டார். எழுதும்போது தவறு வருமாம். அச்சில் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அவரால் பட்டறைக்குப் பிரயோஜனம் இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். இழைக்கிற மெஷினில் ஒரு பல்சக்கரம் உடைந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வழி இல்லை. இறக்குமதிக்கு அப்போது அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார்கள். மெஷின் நின்றால் ஆறு பேருக்கு வேலை இல்லை. அதில் நானும் ஒருவன். மெஷினைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை என்று ஃபோர்மேன் கையை விரித்துவிட்டான். அவர் அலமாரியில் மூன்று வரிசை தேடி, அதே சக்கரம் வேறொரு கம்பெனி மெஷினிலும் இருப்பதைக் கண்டுபிடித்தார். படம், பல் எண்ணிக்கை, துளை அளவு எல்லாம் இருந்தன. குர்லாவில் ஒரு வார்ப்படக்காரனை ஸ்டோருக்கே வரவழைத்து, அவன் கையையும் கழுவ வைத்து, பார்க்க விட்டார். ஐந்தாம் நாள் மெஷின் ஓடியது. யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு மழையில் சாக்கடை பொங்கிப் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. எல்லோரும் பலகைகளை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் அந்தக் கருப்புத் தண்ணீரில் நின்று கேட்லாக்குகளைக் கை கையாக எடுத்துப் பரணில் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சாப்பாட்டு டப்பா மிதந்து வாசல் பக்கம் போனது. "சாமி, ஒங்க டப்பா போவுது" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதும் அவருடைய கைகள் மட்டும் சுத்தமாக இருந்தன. ஒவ்வொரு முறையும் சட்டைக்குள் துடைத்துவிட்டுத் தொட்டார்.

இதெல்லாம் அவர் நல்லவர் என்று காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எப்படிப்பட்ட ஆள் என்று சொல்கிறேன்.

நான் ஸ்பிண்டில் மெஷினில் இருந்தேன். இரும்பு மேஜை நடுவில் ஒரு தண்டு செங்குத்தாக நிற்கும். அதன் தலையில் கத்தி பூட்டிய இரும்புக் கட்டை சுற்றும். பிளாக் என்போம். மரத்தை அதில் ஒட்டித் தள்ளினால் ஓரத்தில் வளைவும் பள்ளமும் விழும். தண்டின் பெரிய கப்பியில் பெல்ட் போட்டால் மெதுவாகச் சுற்றும். சின்னக் கப்பியில் போட்டால் வேகம். வேகத்தில் ஓட்டினால் மரம் கண்ணாடி மாதிரி வரும். அதனால் எப்போதும் சின்னக் கப்பிதான்.

புதிதாக ஒரு பிளாக் வந்தது. ஜெர்மனி. பெட்டியைப் பிரித்ததும் அவர் முதலில் செய்தது, உள்ளே இருந்த நாலு பக்கத் துண்டுப் புத்தகத்தை எடுத்தது. அட்டை போட்டார், எண் போட்டார், அலமாரியில் வைத்தார். பிறகுதான் பிளாக்கை ஃபோர்மேனிடம் கொடுத்தார்.

அது பழையதைவிடப் பெரியது. கனம். ஃபோர்மேன் பூட்டிவிட்டு, "சலாவ்" என்றான். வழக்கம்போலச் சின்னக் கப்பியில் ஓட்டினேன். சத்தம் வேறு மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குப் போனேன்.

"சாமி, அந்தப் புது பிளாக்க எந்த வேகத்துல ஓட்டணும்னு காயிதத்துல இருக்கா?"

"இருக்கும். கையை அலம்பிண்டு வா."

கையெல்லாம் வஜ்ஜிரமும் கிரீஸும். குழாயடிக்குப் போனேன். திறந்தேன். காற்றுதான் வந்தது. அந்த வாரம் முழுக்க மத்தியானம் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். திரும்பி வந்தேன்.

"கொழாயில தண்ணி இல்ல. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"தண்ணி நாலு மணிக்கு வரும். அப்போ வா."

"நாலு மணி வரைக்கும் மெஷின நிறுத்தி வைக்க ஃபோர்மேன் ஒங்க மச்சானா? பாத்துச் சொன்னா வாய் வெந்தா போவும்?"

"நான் வாயால சொல்றதில்லை. நோக்குத் தெரியும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஒம்ம காயிதத்த நீரே வச்சுக் கும்பிடும்வே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. எனக்கும் தெரிந்தது. நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. என் ரோஷம் அப்படி.

மூன்றாம் நாள் காலையில் கத்தி பிளாக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. மரம் உதைத்தது. அதைப் பிடித்திருந்த இடது கை உள்ளே போனது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன. வலி பிறகுதான் வந்தது. முதலில் மேஜைமேல் கிடந்ததைப் பார்த்தேன். யாருடையதோ என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கம்பெனிக் கடிதம் காத்திருந்தது. புது பிளாக்குக்கான குறிப்பு ஸ்டோரில் தயாராக இருந்ததாம். நான் அதைக் கேட்கவும் இல்லை, பார்க்கவும் இல்லையாம். ரிஜிஸ்டரில் என் கையெழுத்து இல்லையாம். அஜாக்கிரதையால் நேர்ந்தது, ஆகவே வேலை நீக்கம், ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார். இதுதான் சாரம். அந்த மாதிரி ஒரு காகிதம் ஒட்டிக்கொண்டால் பம்பாயில் எந்தப் பட்டறையும் என்னை மெஷின் பக்கம் விடாது. மூன்று விரல் கையோடு மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அவர் தாராவிக்கு வந்தார். சந்துக்குள் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கள் வாசலில் நின்றார். எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. சேட் அனுப்பியிருக்கிறான்.

"எதுக்கு வந்தீரு? கைய அலம்பிட்டுத்தான் இருக்கேன், பாக்கியேரா?" என்று கட்டுப் போட்ட கையை நீட்டினேன்.

"ஏய், சும்மா இரும். வீடு தேடி வந்த மனுசன்" என்றாள் என் பெண்டாட்டி. செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று பிடித்த தண்ணீர். அவர் வாங்குவாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாங்கினார். நிறுத்தாமல் குடித்து முடித்தார்.

"இது எங்கேர்ந்து பிடிக்கறேள்?"

"மெயின் ரோட்டுக் கொழாயில. விடியறதுக்குள்ள போவணும். பொறவு நின்னுரும்."

அவர் செம்பைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ கேட்டது செவ்வாய்க்கிழமைதானே? ஒண்ணு பத்துக்கு?" என்றார்.

"ஆமா. இப்ப எதுக்கு அது?"

"சரியா இருக்கணும்" என்றார். போய்விட்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் கிடையாது. கை எப்படி இருக்கிறது என்றும் கேட்கவில்லை.

விசாரணை சேட்டின் அறையில் நடந்தது. இன்ஸ்பெக்டர் மராட்டிக்காரர். மேனேஜர் முதலில் பேசினான். இந்த ஆள் ஸ்டோர் பக்கமே போகவில்லை என்றான். இன்ஸ்பெக்டர் ஸ்டோர் கிளார்க்கைக் கூப்பிடச் சொன்னார். அவர் ரிஜிஸ்டரையும் அந்தத் துண்டுப் புத்தகத்தையும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். மேனேஜர் அவரைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்தது, முன்னாலேயே பேசி வைத்திருக்கிறார்கள் என்று. நான் வந்து கேட்டதை ரிஜிஸ்டரில் எழுதியிருப்பதாக அவரே மேனேஜரிடம் சொல்லியிருந்தாராம், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொன்னார்களாம். ஃபோர்மேன் பிறகு என்னிடம் சொன்னான்.

அவர் கிழிக்கவில்லை. கேட்லாக் பார்த்தவர்களின் பட்டியலுக்குப் பின்னால், அதே ரிஜிஸ்டரில், கடைசிப் பக்கங்களில் இன்னொரு பட்டியல் வைத்திருந்தார். அதுவரை பட்டறை ஆட்கள் யாருக்கும் தெரியாது. கேட்டும் கொடுக்காதவை. அதைத் திறந்து, வாழ்நாளில் யாருக்கும் எதையும் வாயால் படித்துச் சொல்லாத அந்த மனிதர் சத்தமாகப் படித்தார். முதலில் இங்கிலீஷில். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில்.

"செவ்வாய். ஒண்ணு பத்து. ஸ்பிண்டில்காரன் வந்து வேகம் கேட்டான். கை அழுக்கு. குழாயில் தண்ணி இல்லை. கொடுக்கலை."

அப்புறம் துண்டுப் புத்தகத்தைப் பிரித்து வேகத்தைப் படித்தார். நாங்கள் ஓட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதற்குமேல் ஓட்டினால் கத்தி கழன்று பறக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

இன்ஸ்பெக்டர் இந்தியில் கேட்டார். "கை அழுக்கு. அவ்வளவுதானா காரணம்?"

"அவ்வளவுதான்."

"நீங்களே படித்துச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்" என்றார். இன்னொரு தடவையும் சொன்னார், "சொல்லியிருக்கலாம்."

சேட் ஜன்னலைப் பார்த்தான். நான் அவர் முகத்தைப் பார்க்க நினைத்தேன். முடியவில்லை. என் வேலை தப்பித்தது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த மாசம் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தார். அவரும் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"மழைக்கு வலிக்கறதா?"

"வலிக்கும்."

"ஈரம் ஆகாது" என்றார். காகிதத்தைப் பற்றிச் சொல்கிற அதே குரல். நான் கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மன்னித்தேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவரும் அதைக் கேட்டு நிற்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மார்க்கெட்டில் பார்த்தது இல்லை. நான் திரும்ப வேலைக்குப் போன அன்று பார்த்தது.

அவர் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. ஸ்டோர் வாசலில் ஒரு பெரிய டிரம் நின்றது. எண்ணெய் டிரம்மைத் தேய்த்துக் கழுவி, தகர மூடி போட்டது. மேலே ஒரு செம்பு. புது பார் சோப்பு. ஆணியில் துண்டு. ஃபோர்மேன்தான் சொன்னான். கடைசி நாள் அவரே கைவண்டி பிடித்துக் கொண்டுவந்து இறக்கினாராம். காலையில் தண்ணீர் வரும் நேரத்தில் வாளி வாளியாகத் தூக்கி நிரப்பிவிட்டுப் போனாராம். "பாகல் ஆத்மி", பைத்தியக்கார மனிதர், என்றான். சிரிக்கவில்லை.

விதியை அவர் மாற்றவில்லை. தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கை கழுவினேன். இடது கையில் சோப்பு நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. நாலு தடவை குனிந்து எடுத்தேன். துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். புது கிளார்க் ஒரு பையன், பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கையைக் காட்டினேன். எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. "லே லோ" என்று, எடுத்துக்கொள்ளும்படி அலமாரியைக் காட்டினான். பல்பு எரிந்துகொண்டிருந்தது.

அறுக்கிறது, இழைக்கிறது, துளைக்கிறது, அதற்குக் கீழே ஸ்பிண்டில். நாலு பக்கத் துண்டுப் புத்தகம். திறந்தேன். இரண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டு, தடித்த எழுத்தில், வேகம். எண்ணைப் படிக்க இங்கிலீஷ் வேண்டாம். கத்தி பறக்கிற மாதிரி ஒரு படம்கூட இருந்தது. தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு ரேகை இல்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே அவர் அதை என் பக்கம் விரித்துப் பிடித்திருந்தால் போதும். தொடாமலே பார்த்திருப்பேன். அன்றைக்கு அது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.